அக்காவைப் பற்றி இரண்டு நிமிடம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நீ சொன்னபடியே உன் ஆஸ்பத்திரி முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், அத்தான் கண்ணில் படாது. இந்த விஷயத்தைப் போனில் வாய் திறக்கவே கூடாது என்று நீ போட்ட உத்தரவை நான் ஒரு தடவைகூட மீறவில்லை. கூடப் பிறந்தவளுக்கு மனு போடுகிற மாதிரி கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் செய்தி. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சைக்கு, மே பதினொன்றாம் தேதிக்குப் பதிந்துவிட்டேன். இந்தத் தடவை என் பெயரில், என் பாஸ்போர்ட்டில். ஒரே பரீட்சையை இரண்டு பெயரில் எழுதுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன், சிரிக்காதே.

ஆறு வருடம் முன்னால் நீ இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் பேச்சுப் பகுதியில் கவிழ்ந்து, கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சாப்பிட வரமாட்டேன் என்றது ஞாபகம் இருக்கிறதா? நாலு பகுதியிலும் ஒன்பதுக்கு ஏழு வேண்டும். உனக்குப் பேச்சில் ஐந்தரையைத் தாண்டவில்லை. அம்மாதான் யோசனை சொன்னாள். "ரெண்டு பேருக்கும் ஒரே முகம். சின்னவ போய் எழுதட்டுமே, யாருக்குத் தெரியப் போகுது?" உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரிய, நான் போய் எட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நீ முதலில் போவது, இரண்டு வருடத்தில் நான் எழுதி உன் பின்னால் வருவது என்றுதானே பேச்சு? அந்த இரண்டு வருடத்தை நான் குறை சொல்லவில்லை. நீ அங்கே காலூன்ற வேண்டியிருந்தது. அப்புறம் அம்மா படுத்துவிட்டாள். மூன்றரை வருடம். இப்போது அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. இனி என்னைப் பிடித்துவைக்க இங்கே எதுவும் இல்லை.

பகலில் பன்னிரண்டு கட்டில் உள்ள நர்ஸிங் ஹோம். மாலையில் இன்ஸ்டிட்யூட். அங்கே இந்தப் பரீட்சைக்குத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருடம் மட்டும் என்னிடம் படித்த முப்பத்தோரு பேர் தேறிப் பறந்துவிட்டார்கள். தேறியவர்கள் படத்தைச் சுவரில் ஒட்டும் வேலையும் எனக்குத்தான். "எல்லாரையும் ஏத்தி விடுறீங்க மிஸ், நீங்க எப்ப போவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். அன்றுதான் பதிந்தேன்.

ஏஜென்சியில் குழந்தைகள் வார்டுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. ஜூன் முடிவதற்குள் மதிப்பெண் தாளைக் கொடுக்க வேண்டும். முப்பது வயது தாண்டினால் எடுக்கமாட்டார்கள். எனக்கு செப்டம்பரில் முப்பது. எனவே இதுதான் எனக்குக் கடைசி பஸ்.

வரும்போது உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

உன் சின்னவள்


மார்ச் 17

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. இவ்வளவு அவசரம் எதற்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே நீ நினைக்கிற மாதிரி இல்லை. குளிர். எலும்பு வலி. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. நோயாளியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. குழந்தைகள் வார்டு என்றால் இன்னும் மோசம், பெற்றவர்கள் எதற்கெடுத்தாலும் புகார் எழுதுவார்கள். வேலைக்கு ஆள் எடுப்பதையும் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. உள்ளே இருக்கிற எனக்குத் தெரியாததா உன் ஏஜென்சிக்காரனுக்குத் தெரியும்?

மேலும் இப்போதெல்லாம் பரீட்சை மையத்தில் கெடுபிடி அதிகம். கைரேகை, போட்டோ என்று ஏதேதோ செய்கிறார்கள். நம் விஷயம் உனக்கு மறந்துவிட்டதா? ஒரு வருடம் பொறு. நானே எல்லாவற்றையும் விசாரித்துச் சொல்கிறேன்.

அம்மா போன துக்கத்தில் அவசர முடிவு எடுக்காதே. பதிந்ததை ரத்து செய்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அக்கா


மார்ச் 29

அக்கா,

குளிர், இடுப்பு வலி, புகார் எழுதும் பெற்றோர்கள். அவ்வளவு கஷ்டமான இடத்தில் ஆறு வருடமாக எப்படி இருக்கிறாய் என்று கண்ணீர் வந்துவிட்டது. அத்தானையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடேன். நர்ஸிங் ஹோமில் இடம் இருக்கிறது. ஒரே ஒரு பிரஷர் மெஷின், அதுவும் அதற்கு மனசிருந்தால்தான் ஏறும்.

யாருக்குக் காது குத்துகிறாய்? போன மாதம் நீ அனுப்பிய படத்தில் வீட்டுக்குப் பின்னால் தோட்டம், ஊஞ்சல், புது கார். இடுப்பு போனவள் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள்.

நம் விஷயம் எனக்கு மறக்கவில்லை. அதைச் செய்தவளே நான்தான். அப்போது கைரேகை கிடையாது, பாஸ்போர்ட்டையும் ஆளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். இரண்டு வருடமானால் மதிப்பெண்ணே செல்லாது என்கிறார்கள், ஆறு வருடத்துப் போட்டோவா செல்லும்? அப்படியே யாராவது கேட்டாலும் அக்கா தங்கை ஒரே சாயல் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

"ஒரு வருடம் பொறு" என்பதை நீ இதோடு நாலாவது தடவை எழுதுகிறாய். முதல் தடவை, அம்மா கொஞ்சம் தேறட்டும் என்றாய். அடுத்து உன் கல்யாணம். அப்புறம் குழந்தை பிறக்கட்டும் என்றாய். இந்தத் தடவை காரணம் கிடைக்காமல் குளிரைப் பிடித்திருக்கிறாய். அடுத்த வருடம் எனக்கு முப்பத்தொன்று அக்கா. அது உனக்குத் தெரியும்.

ரத்து செய்ய மாட்டேன்.

சின்னவள்


ஏப்ரல் 12

சின்னவளே,

நாக்கு நீளமாகிவிட்டது. நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீ பெரிய மேதாவி ஆகிவிட்டதாக நினைப்பு. சுவரில் படம் ஒட்டுகிறவளுக்கு இவ்வளவு திமிர் ஆகாது.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே இது உண்டு. நான் ஒரு வாக்கியம் சொன்னால் அதைத் திருத்தாமல் உன்னால் இருக்க முடியாது. விருந்தாளிகள் முன்னால், அப்பா முன்னால், பாட்டு மிஸ் முன்னால்கூட. எனக்காகப் பரீட்சை எழுதியதையும் நீ அன்பால் செய்ததாக நான் ஒருநாளும் நம்பவில்லை. "உன்னால் முடியாதது என்னால் முடியும்" என்று காட்டத்தான் போனாய். காட்டினாய். போதும்.

உனக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறேன். அவருடைய நண்பருக்கு ஒரு அண்ணன், மனைவி இறந்தவர், நாற்பத்திநாலு வயது, நம் ஊரிலேயே சொந்தக் கடை. நல்ல மனிதர். அதை யோசி. வேலைக்குப் பறந்தால்தான் வாழ்க்கையா?

பரீட்சைக்குப் போகாதே. எதற்கு என்று கேட்காதே. பெரியவள் சொல்கிறேன், கேள்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

நாற்பத்திநாலு வயதுக்காரருக்கு என் வாழ்த்துகள்.

எதற்கு என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. எனக்கே தெரியும். நான் அங்கே வந்தால் இரண்டு பேர் பேசுவதையும் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள், அதுதான் உனக்குப் பயம். பயப்படாதே, நான் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொள்கிறேன். உன் வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டேன்.

என் வகுப்பிலிருந்து பதினான்கு பேர் அதே நாளில் எழுதுகிறார்கள். மிஸ்ஸும் கூட வந்து உட்காரப் போகிறார் என்று ஒரே கும்மாளம். இன்ஸ்டிட்யூட் முதலாளி முன்கூட்டியே சுவரில் என் படத்துக்கு இடம் விட்டுவைத்திருக்கிறார்.

சின்னவள்


மே 12

அக்கா,

நேற்று பரீட்சை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை.

காலை ஏழரைக்கு வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் பதினான்கு பேரும். ஒருத்தி என் முதுகில் விரலால் எதையோ எழுதி, அது என்ன வார்த்தை என்று கேட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். போட்டோவில் சிரிக்கக் கூடாது, பேனா கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் பாட்டிலில் லேபிள் இருக்கக் கூடாது என்று நான்தான் எல்லாருக்கும் கடைசி நிமிடப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேசையில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கினாள். விரலை வைக்கச் சொன்னாள். கேமராவைப் பார்க்கச் சொன்னாள். அப்புறம் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மேடம், கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியவில்லை, அல்லது வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினாரோ என்னவோ.

"இதுக்கு முன்னாடி இந்தப் பரீட்சை எழுதியிருக்கீங்களா?"

"இல்லை சார்."

"பொய் சொல்லாதீங்கம்மா. வேற ஒருத்தர் பேர்ல எழுதினதுக்கு உங்களுக்கு ஆயுள் தடை இருக்கு. நாலு வருஷம் ஆச்சு. பதியும்போது இது காட்டாது, இங்க வந்தாத்தான் காட்டும்."

சாயல், அக்கா தங்கை என்று நான் தயார்செய்து வைத்திருந்ததை உளறினேன். அவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை, ஆனால் படித்துக் காட்டினார்.

"முகத்தை வச்சு மெஷின் பிடிச்சதில்லை இது. உங்க பேரு, பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எழுத்துல வந்திருக்கு. ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. உங்களுக்கு லெட்டர் அனுப்பி, அறுபது நாள் டைம் கொடுத்திருக்காங்க. நீங்க பதிலே போடலை."

"எந்த லெட்டரும் வரலை சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளியில போங்க, மத்தவங்களுக்கு டைம் ஆகுது."

பதினான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகில் எழுதி விளையாடியவள் தரையைப் பார்த்தாள். நான் அவர்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. ஒருத்திகூட "மிஸ்" என்று கூப்பிடவில்லை.

அன்று நான் உன் பெயரில் எழுதியது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அம்மா செத்துப்போனாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதில் எழுது.


மே 26

சின்னவளுக்கு,

எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதிவிட்டால்தான் முடியும். நடுவில் நிறுத்தினால் இந்தக் கடிதமும் போன வருடத்துக் கடிதம் மாதிரி குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு டாக்டர் போனில் மருந்தின் அளவு சொன்னார். எனக்குப் புரியவில்லை. மூன்று தடவை திரும்பக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டு மேட்ரனிடம் போய், "இவள் எப்படித் தேறினாள்?" என்று கேட்டிருக்கிறார். மேட்ரன் என் பரீட்சைப் பதிவுகளை வரவழைத்தாள்.

ஒரு சின்ன அறை. மேட்ரன், இன்னும் இரண்டு பேர், மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். அதில் உன் குரலைப் போட்டார்கள். பேச்சுப் பகுதியைப் பதிவுசெய்து வைத்திருப்பார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குரல் கொஞ்சம் வேறாக இருக்கிறது என்றார்கள். அன்று சளி பிடித்திருந்தது என்று சமாளித்தேன். சமாளித்தும்விட்டேன். பிறகு, பரீட்சையில் பேசச் சொல்லிக் கொடுத்த அட்டையில் வந்த தலைப்பு. உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்.

நீ என்னைப் பற்றிப் பேசினாய்.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று ஆரம்பித்தாய். மூன்றாம் வகுப்பில் உனக்கு வயிறு கெட்டு, பாவாடை அசிங்கமானபோது நான் என் பாவாடையைக் கழற்றி உனக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை வகுப்பறைத் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு நின்றேன் என்று சொன்னாய். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனாலும் அக்கா அழவில்லை என்று சொன்னாய். எவ்வளவு அழகாகச் சொன்னாய். எனக்கு அந்த ஆங்கிலம் முழுக்கப் புரிந்தது.

மேட்ரன் நிறுத்தினாள். என் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினாள். "நீதான் மூத்த மகள் என்று எழுதியிருக்கிறாய். இந்த அக்கா யார்?"

உலகத்தில் வேறு ஆளே இல்லையா உனக்கு? அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி? நீ நானாகப் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்பதையே மறந்துவிட்டு என்னைப் புகழ்ந்தாய். உன் வாய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அதை நான் மன்னிக்கவில்லை. நியாயம் இல்லை என்று தெரிந்தும் மன்னிக்கவில்லை.

யார் எழுதியது என்று சொன்னால் மறுபடி எழுத ஒரு வாய்ப்பு, சொல்லாவிட்டால் அன்று மாலையே விமானம் என்றார்கள். நான் நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. நீ நம்பமாட்டாய், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன். முகவரி கேட்டார்கள். நாம் காலிசெய்த பழைய வீட்டு முகவரியைக் கொடுத்தேன். உனக்குக் கடிதம் வந்தால் நீ பதில் எழுதுவாய், அம்மாவை இழுப்பாய், என்ன சொல்வாயோ என்று பயம்.

அதன்பிறகு பத்து மாதம் இந்த ஆஸ்பத்திரியில் மலச்சட்டி கழுவினேன். வீட்டுக்கு நர்ஸ் என்று எழுதிக்கொண்டு. அப்படிக் கழுவியபடியே படித்து, மூன்றாவது தடவையில் எல்லாவற்றிலும் சரியாக ஏழு வாங்கினேன். இப்போதிருக்கும் வேலை என் சொந்த மதிப்பெண்ணில் கிடைத்தது. அவருக்கு இது எதுவும் தெரியாது, அதற்குப் பிறகுதான் கல்யாணம்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். அம்மா படுத்துவிட்டாள் என்று நீ எழுதியபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, இனி இவள் கொஞ்ச காலம் பரீட்சை எழுத மாட்டாள் என்று. பெற்ற தாய் படுக்கையில் விழுந்ததற்கு நிம்மதிப்பட்டவள் நான். அம்மா இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இவ்வளவுதான். திட்டி எழுது.

பெரியவள்


ஜூன் 8

பெரியவளுக்கு,

திட்டச் சொல்கிறாய். திட்டிவிட்டால் கணக்கைக் கழித்துவிடலாம் என்று பார்க்கிறாய். மாட்டேன்.

தப்பு என்னுடையதுதான். அன்று அந்த அட்டையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் யோசிக்க நேரம் கொடுத்தார்கள். நான் யோசிக்கவே இல்லை, வேறு யாரும் மனதில் வரவில்லை. உதவி என்றால் நீதான். இன்று அதே அட்டையைக் கொடுத்தால் இரண்டு நிமிடமும் வாய் மூடி உட்கார்ந்திருப்பேன். பூஜ்யம் போடட்டும்.

உனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்றாய். அதை எழுதாமல் இருந்திருக்கலாம். ஒரு மணி நேரம் அழுதேன், காலில் விழுந்தேன், வேறு வழி இல்லை என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவே தெரியாதவள் மாதிரி இந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மை பேசியிருக்கிறாய்.

இங்கே நிலவரம் கேள். இன்ஸ்டிட்யூட் முதலாளி சத்தம் போடவில்லை. "பேரு கெட்டுப்போச்சும்மா, புரிஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். பதினான்கு பேரில் பதினொரு பேர் தேறிவிட்டார்களாம். எனக்கு விட்டுவைத்த இடத்தில் அவர்களில் ஒருத்தியின் படம். நர்ஸிங் ஹோமுக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வருடம் ஊசி போட்ட என் கையைப் பார்த்து, சர்டிபிகேட்டாவது உண்மையானதா என்று கேட்டு, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் என் போனை எடுப்பதில்லை.

அம்மாவுக்கு மூன்றரை வருடம் பீ, மூத்திரம் வாரினேன். பெரியவளுக்கு அங்கே என்ன கஷ்டமோ, அதுதான் வர முடியவில்லை என்று உன்னை நினைத்துத்தான் அவள் கண் கலங்குவாள். கிட்டத்திலேயே இருந்த என்னை நினைத்து ஒருநாளும் கலங்கியதில்லை. அவள் எதுவும் தெரியாமல், உன்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டு போனாள். அதற்கு மட்டும் உன்மேல் எனக்குப் பொறாமை.

சின்னவள்


ஜூன் 27

சின்னவளுக்கு,

நான் உன்னைக் கைவிடவில்லை. அதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேருமே ஷிஃப்ட் வேலை. பிள்ளைக்கு ஒன்றரை வயது. இங்கே காப்பகத்தில் விட்டால் மாதம் முழுக்கச் சளி. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள உறவில் ஒரு பெண்ணைக் கூட்டிவர இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு எந்தப் பரீட்சையும் வேண்டாம், வயது வரம்பும் இல்லை. அவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். பின்பக்கத்து அறையை ஒழித்துத் தருகிறேன்.

படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். நானே நிரப்பியிருக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு. நர்ஸ் என்று எழுதவில்லை. எழுதினால் நர்ஸிங் கவுன்சிலில் விசாரிப்பார்கள், பழையதெல்லாம் கிளம்பும். அதனால் படிப்பு பத்தாம் வகுப்பு, வேலை வீட்டு வேலை, ஆங்கிலம் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். விசா அலுவலகத்தில் நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள். மொழிபெயர்க்க ஆள் வைத்திருப்பார்கள். உனக்கு நிஜமாகவே ஆங்கிலம் தெரியாதா என்று சோதிப்பார்களாம். ஒரு வார்த்தை புரிந்த மாதிரி முகத்தில் காட்டினாலும் பொய்ப் படிவம் என்று என்னையும் சேர்த்து இழுப்பார்கள். கவனம்.

இங்கே வந்த பிறகும் அப்படியே இரு. என் தங்கைக்குப் படிப்பு ஏறவில்லை, அம்மாவோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்றுதான் அவரிடம் கல்யாணத்தின்போதே சொன்னேன். என் கூட வேலை செய்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் பேசினால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடு. பிள்ளையிடம் தமிழில் மட்டும் பேசு.

இதைவிட நல்ல வழி உனக்கு இருந்தால் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்கா,

இதைவிட நல்ல வழி இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன். குடியிருக்கும் வாடகை அறையைக் காலிசெய்யச் சொல்லி இரண்டாவது நோட்டீஸ் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், நேற்று விசா அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள்.

தலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவிக்கொண்டு, தேய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். ஏழாம் நம்பர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், அவள் தமிழில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். அவளுடைய ஆங்கிலம் சுமார்தான். நான் "அம்மாவை மூணரை வருஷம் பாத்துக்கிட்டேன்" என்றேன். அவள் நான் மூன்று வருடம் அம்மா வீட்டில் சும்மா இருந்ததாகச் சொன்னாள். என் வகுப்பில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருப்பேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி காகிதங்களைப் புரட்டியபடியே அவளிடம் சொன்னார்: "ஒரு பெண் நர்ஸ் ஆகியிருக்கிறாள், இன்னொன்று இப்படி ஆகியிருக்கிறது. எல்லாக் குடும்பத்திலும் ஒரு மக்கு இருக்கும் போல." அவள் சிரித்தாள். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்தார். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். உன் மனுவை நிராகரித்துவிட்டேன், நீ போகலாம், இனி விண்ணப்பிக்காதே. சொல்லிவிட்டு என் கண்ணையே பார்த்தார். நான் அந்தப் பெண் பக்கம் திரும்பி, "என்னங்க சொல்றாரு?" என்று கேட்டேன். குரல் நடுங்கவில்லை.

அவள், "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றாரு" என்றாள். அவர் முத்திரையைக் குத்தினார். நீ சொன்ன சோதனை அதுதான். தேறிவிட்டேன். உன் பெயரில் எட்டு வாங்கியதைவிட இது கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். நிராகரித்தேன் என்று அவர் சொன்ன அந்த ஒரு கணம், ஐயோ போய்விட்டதே என்று நான் பதறினேன் அக்கா. உன் பிள்ளைக்கு ஆயா வேலை கிடைக்காமல் போய்விட்டதே என்று. என்னை இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாய். இது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே இருப்பேன், பயப்படாதே. யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். அத்தானிடம் எதையும் சொல்ல மாட்டேன். பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வேன், அது என்ன பாவம் செய்தது? ஆனால் நீ போனில் டாக்டரிடம் திணறும்போது பக்கத்து அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். சிநேகிதிகள் முன்னால் நீ ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பாய். நான் திருத்த மாட்டேன். ஷிஃப்ட் முடிந்து நீ தினமும் கதவைத் திறக்கும்போது எதிரில் உன் முகமே நிற்கும்.

பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்கு விமானம் இறங்குகிறது. தாமதிக்காமல் வந்துவிடு. எனக்கு அங்கே யாரிடமும் வழி கேட்கத் தெரியாது.

சின்னவள்